புரூக்ளினுக்கு துரோகி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஹீரோ: யார் இந்த வால்டர் ஓ'மாலி?

பேஸ்பால் ரசிகர்கள் இன்னைக்கும் சண்டை போடுற பெயர் வால்டர் ஓ'மாலி. டாட்ஜர்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த இவர் மேல் ஒரு ஊருக்கு ஏன் அவ்வளவு கோபம்? இன்னொரு ஊர் ஏன் கொண்டாடியது?

யார் இவர்?

1903-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். படித்தது சட்டம். 1940-களில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வக்கீலாக வந்து, அப்படியே பங்குகளும் வாங்கினார். ஜாக்கி ராபின்சனை 1947-ல் களமிறக்கி நிறத் தடையை உடைத்த பிராஞ்ச் ரிக்கியின் பங்கை 1950-ல் வாங்கியதும், அணி இவர் கைக்கு வந்தது.

கோப்பையும் கிடைத்தது

உலகத் தொடர் இறுதியில் யாங்கீஸிடம் அதுவரை 5 முறை தோற்றிருந்தது டாட்ஜர்ஸ். 1955-ல் அதே யாங்கீஸை வீழ்த்தி முதல் முறையா சாம்பியன் ஆனது. புரூக்ளினே தெருவுக்கு வந்து கொண்டாடியது.

அப்புறம் என்ன ஆச்சு?

பிரச்சினை மைதானம். 1913-ல் திறந்த எபெட்ஸ் ஃபீல்டில் சுமார் 32,000 பேர்தான் உட்கார முடியும். கார் நிறுத்த இடமும் ரொம்பக் குறைவு. புரூக்ளினிலேயே சொந்தக் காசில் புது மைதானம் கட்டுறேன், நிலத்தை மட்டும் எடுத்துத் தாங்க என்பது ஓ'மாலியின் கோரிக்கை. நகரத் திட்டங்களில் பெரும் அதிகாரம் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் அதற்கு மறுத்து, குயின்ஸ் பகுதியில் இடம் காட்டினார். ஓ'மாலி அதை ஏற்கலை. 1957 அக்டோபர் 8-ல், அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகுதுன்னு அறிவிப்பு வந்தது. கோப்பை வென்று 2 வருஷம்தான் ஆகியிருந்தது. கொண்டாடிய அதே ரசிகர்களுக்கு ஓ'மாலி துரோகி ஆனார். 1960-ல் எபெட்ஸ் ஃபீல்டும் இடிக்கப்பட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸில்...

1958 ஏப்ரலில் அங்கே நடந்த முதல் ஆட்டத்துக்கு 78,672 பேர் திரண்டார்கள். அடுத்த வருஷமே கோப்பை. 1962-ல் சாவேஸ் ரவைனில் டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தது. 1978-ல், ஒரே சீசனில் 30 லட்சம் ரசிகர்களைக் கடந்த முதல் அணி என்ற பெயரும் வந்தது.

ஆனால் எல்லாருக்கும் சந்தோஷம் இல்லை. அந்த நிலத்தில் இருந்தவை மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகள். அரசுக் குடியிருப்பு கட்டப்போறோம்னு சொல்லி மாநகராட்சி பல குடும்பங்களை வெளியேற்றியது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, நிலம் மைதானத்துக்குப் போனது. கடைசிவரை வெளியேறாத குடும்பங்கள் 1959 மே மாதம் வலுக்கட்டாயமாக அப்புறப்படுத்தப்பட்டன.

இப்போ என்ன நினைக்கிறாங்க?

1979 ஆகஸ்டில் ஓ'மாலி இறந்தார். பிறகு வந்த வரலாற்று ஆய்வுகள் மோசஸின் பங்கையும் எடுத்துச் சொன்னதால், பழி ஓ'மாலி ஒருவர் மேல் மட்டும் இல்லை என்ற பார்வை வலுத்தது. 2008-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது, இறந்து 29 வருஷம் கழித்து. ஆனாலும் அணியைப் பறிகொடுத்த பழைய புரூக்ளின் ரசிகர்கள் பலர் கடைசிவரை அவரை மன்னிக்கவே இல்லை.