உயிர்களோடு உறவாடிய தூரிகை

பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் 1822ஆம் ஆண்டு, ஓவியர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் ரோசா போனர். படிக்க மறுத்த சிறுமிக்கு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலங்கினை வரையச் செய்து அன்னை எழுத்தறிவித்தார். அன்று அரும்பிய விலங்குப்பற்று அவருடைய வாழ்வின் வழியாயிற்று.

அரசின் கவின்கலைப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. தந்தையிடமே ஓவியம் பயின்ற ரோசா, எலும்பும் தசையும் அமைந்த முறையை நேரில் அறியப் பாரிசு நகரின் இறைச்சிக்கூடங்களுக்குச் சென்றார். பின்னர்க் குதிரைச் சந்தையை வரைய விழைந்தார். ஆண்களே நிறைந்த அவ்விடத்தில், பெண்ணுடையில் சென்றால் பலர் பார்வைக்கும் ஆளாகிப் பணி தடைப்படும். பெண்கள் ஆணுடை அணிவதற்கோ காவல்துறையின் இசைவு வேண்டும். அவ்விசைவைப் பெற்று, வாரம் இருமுறை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் சந்தைக்குச் சென்று வரைந்து பழகினார்.

அவ்வுழைப்பின் பயனே 1853ஆம் ஆண்டு பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்ட 'குதிரைச் சந்தை' ஓவியம். 8 அடி உயரமும் 16 அடிக்கு மேல் அகலமும் கொண்ட அதில், திமிறி எழும் குதிரைகளும் அவற்றை அடக்க முயலும் ஆட்களும் உயிர்ப்புடன் விளங்குகின்றனர். இன்று அவ்வோவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அணிசெய்கிறது.

புகழும் பொருளும் சேர்ந்தபின், 1860இல் ஃபோந்தேன்புளோ காட்டை அடுத்த பி என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கு ஆடு, மான், குதிரை முதலியவற்றோடு சிங்கங்களையும் வளர்த்தார். அவற்றின் இயல்பை நாள்தோறும் உற்றுநோக்கி வரைந்தார். 1865இல் பிரான்சின் உயரிய 'லெஜியன் ஆஃப் ஹானர்' விருதைப் பெற்று, அதனைப் பெற்ற முதல் பெண் ஓவியரானார். 1899இல் மறைந்தார்.

விலங்குகளை அவர் மனிதருக்கான அணிகலனாகவோ வேடிக்கைப் பொருளாகவோ தீட்டவில்லை. அருகிருந்து அறிந்த உயிர்களாகவே தீட்டினார். அவர்தம் ஓவியங்கள் காலம் கடந்து நிற்பதற்கு அந்நெருக்கமே காரணம்.