ஆசான் கார்வர்

அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில், டயமண்ட் என்னும் சிற்றூரின் அருகே, ஏறத்தாழ 1864-ஆம் ஆண்டில் அடிமைத் தாய் ஒருத்திக்குப் பிறந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையின் பிள்ளைக்குப் பிறந்த நாளை எழுதி வைப்பார் எவர்? கைக்குழந்தையாய் இருக்கையிலேயே கொள்ளையர் தாயையும் சேயையும் தூக்கிச் சென்றனர். குழந்தை மட்டுமே மீண்டது. மீட்டு வந்தவனுக்குப் பண்ணைக்காரர் ஒரு குதிரையைக் கொடுத்தார் என்பர். தாய் திரும்பவே இல்லை.

கார்வரை உலகம் நிலக்கடலை விஞ்ஞானி என்றே அறியும். கடலையிலிருந்து எத்தனையோ பண்டங்களைச் செய்து காட்டியவர் என்பதும், 1921-இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் அவற்றை விளக்கினார் என்பதும் உண்மையே. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவரும் அவரே என்று நம்மில் சிலர் மேடையில் முழங்குவதுண்டு, அது சரியன்று. அவர் வாழ்வின் பெருமை கடலையில் இல்லை என்பது நம் கருத்து. தாம் ஓர் ஆசான் என்பதை அவர் மெல்ல மெல்லக் கண்டுகொண்ட வரலாற்றையே ஈண்டு எழுத முற்படுகிறோம்.

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பர்க்கு இடமில்லை. ஆகவே சிறுவன் ஜார்ஜ் எட்டு மைல் நடந்து நியோஷோ என்னும் ஊருக்குப் போனான். அங்கே மரியா வாட்கின்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி அவனுக்கு இடமளித்தார். மருத்துவச்சியாகவும் சலவைத் தொழிலாளியாகவும் இருந்த ஏழை அவர். கற்கக்கூடியதை எல்லாம் கற்றுக்கொள், பின் அதை நம் மக்களுக்கே திருப்பிக் கொடு என்பது அவர் சொல்லிய புத்தி. வேதாகமப் பற்றும் அவ்வீட்டில் அவனுக்கு வலுப்பட்டது. சலவை செய்து பிழைக்கும் வித்தையும் அவ்வீட்டிலேயே கிடைத்தது. பிற்காலத்தில் கல்லூரிச் செலவுக்கு அதுவே கைகொடுத்தது.

கான்சாஸ் மாநிலத்துக் கல்லூரி ஒன்று கடிதத்தின் வழி அவரைச் சேர்த்துக்கொண்டு, நேரில் வந்தபின் நிறத்தைக் கண்டு திருப்பி அனுப்பியது. இளைஞர்காள், இவ்விடத்தில் சற்று நின்று போங்கள். விண்ணப்பத்தில் வராத கேள்வி நேரில் வருவதை நாமும் கண்டதுண்டு. கார்வர் அதன்பின் சில ஆண்டுகள் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. 1890-இல் அயோவா மாநிலத்துச் சிம்சன் கல்லூரி அவரை ஏற்றது. அங்கே அவர் கற்க விரும்பியது ஓவியம். அவர் தீட்டிய படமொன்று 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பாராட்டும் பெற்றது. ஆயினும், கறுப்பர் ஒருவர் ஓவியத்தால் பிழைத்தல் அரிது எனக் கருதிய ஓவிய ஆசிரியை, அவரை ஏம்ஸ் நகர வேளாண் கல்லூரிக்குச் செல்லத் தூண்டினார். அங்கே 1894-இல் இளநிலைப் பட்டமும், 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

ஏம்ஸில் நடந்த ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆசிரியர் ஒருவரின் சிறு மகன் கார்வருடன் செடி தேடி வயல்வெளியில் சுற்றுவான். பூவின் உறுப்புகளையும் புல்லின் வகைகளையும் கார்வர் அவனுக்குக் காட்டுவார். அச்சிறுவனே பின்னாளில் வேளாண் அமைச்சராகி, 1941-இல் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவரான ஹென்றி வாலஸ். தமக்குச் செடிகளைக் கற்பித்தவர் கார்வரே என அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். தாம் கற்பிக்கிறோம் என்று கார்வர் அன்று எண்ணினாரோ இல்லையோ!

1896-இல் அலபாமா மாநிலத்து டஸ்கிகி கல்விக்கூடத்திற்குப் புக்கர் வாஷிங்டன் அழைத்தார். அடிமைத்தளை நீங்கியோரின் பிள்ளைகளுக்காக 1881-இல் தொடங்கிய நிலையம் அது. தம் மக்களுக்கு உழைக்கக் கடவுள் இட்ட கட்டளை என்றே கார்வர் அவ்வழைப்பை ஏற்றார். ஆனால் முழு மனத்தோடு அன்று. தமக்கு இரண்டு அறைகள் வேண்டுமென்று நிர்வாகத்தாருக்கு எழுதினார். தாம் பல்லாண்டு கற்பிக்கப் போவதில்லை, பணியைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூரிகை எடுக்கவே போகிறேன் என்றும் தெரிவித்தார். இதைக் குறையென்று சொல்ல நமக்கு வாய் இல்லை. நாமும் முதல் பள்ளிக்கு மாற்றல் விண்ணப்பத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சென்றோம்.

டஸ்கிகியில் ஆய்வுக்கூடம் இல்லை. குப்பைமேடுகளில் கிடந்த புட்டிகளையும் பழைய பாண்டங்களையும் மாணவருடன் பொறுக்கி வந்து கருவிகள் ஆக்கினார். நிர்வாகத்திலோ அவருக்குத் திறமை போதவில்லை. கோழிப்பண்ணைக் கணக்கில் குளறுபடி நேர்ந்து தலைவரின் கடுஞ்சொல்லுக்கு ஆளானார். பதவி விலகுவதாகப் பலமுறை எழுதினார். 1910-இல் வேளாண் துறைப் பொறுப்பு வேறொருவர் கைக்கு மாறியது. பெருமை குறைந்ததென வருந்தினார் என்றே தெரிகிறது.

ஆனால் அதற்கு முன்பே வேறொரு வாயில் திறந்திருந்தது. 1907-இல் மாணவர் சிலர் கேட்டுக்கொண்டதால் ஞாயிறு மாலைகளில் வேதாகம வகுப்பொன்றைத் தொடங்கினார். வருகைப் பதிவு இல்லை, மதிப்பெண் இல்லை. செடியையோ கல்லையோ கையில் ஏந்தி வந்து, படைப்பின் வழியே படைத்தவரைக் காண்பது எவ்வாறென்று பேசுவார். அறை நிரம்பி வழிந்தது. ஏறத்தாழ முப்பதாண்டு அவ்வகுப்பு நடந்தது. தம் ஆய்வுக்கூடத்தைக் கடவுளின் சிறு பட்டறை என அழைத்தவர் அவர். தாம் அப்பட்டறையின் முதலாளி அல்லர், பணியாள் என்ற எண்ணம் ஊன்றிய பின்னரே மாணவர்களைத் தம் பிள்ளைகளாக அவரால் காண முடிந்தது போலும். மணம் செய்துகொள்ளாத அவரைச் சூழ்ந்து பிள்ளைகள் பெருகினர். பணமின்றித் தவித்தோர்க்குப் பணம் தந்தார். வெளியூர் சென்றோரின் கடிதங்களுக்கு மறுமொழி எழுதினார். 1920-களில் கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கூட்டங்களில் கேட்ட வெள்ளை இளைஞரும் அக்கடித வட்டத்தில் சேர்ந்தனர். பொது உணவறையில் தம்முடன் அமர வழக்கம் இடங்கொடாத நாட்டில், அவர்களையும் பிள்ளைகளே என்றழைத்தார்.

அவர் மாணவர் தாமஸ் காம்ப்பெல் 1906-இல் நடமாடும் வேளாண் பள்ளியின் வண்டியை ஓட்டிச் சென்றார். ஏழை உழவரின் நிலத்துக்கே கலப்பையையும் விதையையும் பாடத்தையும் கொண்டு போன வண்டி அது, வடிவமைத்தவர் கார்வர். காம்ப்பெல் அவ்வாண்டே அமெரிக்க அரசின் வேளாண் விரிவாக்கப் பணியில் சேர்ந்த முதல் கறுப்பரானார்.

நம் சங்கத்தில் கிறிஸ்தவரும் உளர், இந்துக்களும் உளர், பௌத்தம் தழுவியோரும் உளர். கார்வரின் நம்பிக்கை அவருடையது. ஆனால் படித்து வேலை பெற்று நகரில் குடியேறிய நம் உறுப்பினர் எத்தனை பேர், நம் தெருப் பிள்ளை ஒருவனின் கடிதத்திற்கு மறுமொழி எழுதுகின்றனர்?

சில ஆண்டுகள் என்று வந்த கார்வர், நாற்பத்தேழு ஆண்டுகள் டஸ்கிகியிலேயே இருந்து, 1943-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் காலமானார். சேமிப்பாயிருந்த ஏறத்தாழ 60,000 டாலரை ஆய்வு அறக்கட்டளைக்கு வழங்கியிருந்தார். புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர். ஓய்வு நேரங்களில் தீட்டிய ஓவியங்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருந்தன. 1947-இல் மூண்ட தீயில் பெரும்பாலானவை எரிந்துபோயின.