வெற்றிடம் விட்ட விஞ்ஞானி

உயர்தர வகுப்பில் ஆவர்த்தன அட்டவணையை மனனம் செய்யத் தொடங்கியபோது, அது எனக்கு வெறும் பட்டியலாகவே தெரிந்தது. அதன் பின்னால் ஒரு தாயின் நெடும் பயணம் இருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

திமித்ரி மெண்டலீவ் 1834இல் சைபீரியாவின் தோபொல்ஸ்க் நகரில், பெரிய குடும்பமொன்றின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். அவ்வாண்டிலேயே ஆசிரியரான தந்தை கண்பார்வையை இழந்தார். தாய் மரியா கண்ணாடித் தொழிற்சாலையொன்றை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். 1847இல் தந்தை காலமானார். மறு ஆண்டு தொழிற்சாலையும் தீக்கிரையானது. ஆனாலும் அத்தாய் மனந்தளரவில்லை. மகனைப் படிக்க வைக்க மொஸ்கோவுக்கு அழைத்துச் சென்றார். அங்கு பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் சென் பீற்றர்ஸ்பேர்க்கில், 1850இல், ஆசிரியர்களை உருவாக்கும் கல்வி நிறுவனமொன்றில் சேர்த்தார். அதே ஆண்டில் அவர் கண்மூடினார். இதை வாசித்தபோது என் உம்மாவின் முகமே நினைவுக்கு வந்தது.

மகன் அதே நகரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மாணவர்களுக்காகப் பாடநூல் எழுதும்போது, அன்று அறியப்பட்டிருந்த 63 மூலகங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற கேள்வி எழுந்தது. இங்கிலாந்தில் நியூலாண்ட்ஸ் என்பவர் ஏற்கனவே அணுநிறை வரிசைப்படி அவற்றை அடுக்கி, ஒவ்வோர் எட்டாவது மூலகமும் முதலாவதை ஒத்திருப்பதாகக் கூறியிருந்தார். ஆனால் அவர் எல்லாக் கட்டங்களையும் நிரப்ப முயன்று, சில இடங்களில் இரண்டு மூலகங்களை ஒன்றாக வைத்தார். 1866இல் இலண்டன் இரசாயனச் சங்கத்தில் அவரது கருத்து கேலிக்குள்ளானது.

1869இல் அட்டவணையை வெளியிட்ட மெண்டலீவ், பொருந்தாத இடங்களை வெற்றிடமாக விட்டார். அங்கு வரவேண்டிய மூலகங்கள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றார். அவற்றின் இயல்புகளையும் முன்கூட்டியே கணித்தார். 1875இல் பிரான்சில் காலியம் கண்டறியப்பட்டது. அதன் அடர்த்தி 4.7 என அளக்கப்பட்டபோது, அது 5.9 அளவில் இருக்க வேண்டும் என மெண்டலீவ் அறிவித்தார். உலோகத்தைத் தூய்மையாக்கி மீண்டும் அளந்தபோது அவர் கூறியதே சரியாயிற்று. 1879இல் ஸ்கந்தியமும் 1886இல் ஜேர்மானியமும் தத்தம் வெற்றிடங்களை நிரப்பின.

1907இல் மெண்டலீவ் மறைந்தார். இன்று 101ஆவது மூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

விடை தெரியாத இடத்தில் எதையாவது எழுதி நிரப்புவது என் பழக்கமாக இருந்தது. இப்போது என் கொப்பியில் அவ்விடத்தை வெறுமையாக விட்டு, மறுநாள் ஆசிரியையிடம் கேட்கிறேன். தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ள எனக்கு இனி வெட்கமில்லை.