வஜ்ஜிர வணிகர் வாக்குக் கேட்டார்

எண்பத்தைந்து வயதுக் கிழவர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளர்! ஆண்டு 1876. பெயர் பீட்டர் கூப்பர். தொழில், மாட்டுக் குளம்பையும் தோலையும் காய்ச்சி வஜ்ஜிரம் எடுப்பது. அதில் குவிந்த பணத்தைக் கொண்டு இரும்பாலை, தந்தி, நிலம் என்று பெருகியவர். நிறுத்திய கட்சியோ பிறந்து ஈராண்டுகூட நிரம்பாத பச்சைக் குழந்தை. வெற்றி கிட்டாது என்பது நின்றவருக்கும் தெரியும், நிறுத்தியவர்களுக்கும் தெரியும். பிறகு ஏன் நின்றார்? மாளிகையில் சாய்ந்து கிடக்கவேண்டிய வயதில் மக்கள் மன்றத்துக்கு அவரை இழுத்து வந்தது எது? அதைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

1791-ல் நியூயார்க் நகரில் பிறந்தவர் கூப்பர். தகப்பனார் தொப்பி செய்பவர். மகன் சிறுவனாக இருந்தபோதே முயல் தோலில் மயிர் பிடுங்கிக் கொடுத்தான். பள்ளிக்கூடம் கண்டது ஓராண்டு அளவே. பதினேழு வயதில் கோச்சு வண்டி செய்பவரிடம் தொழில் பழகப் போனான். பகலெல்லாம் உழைத்தபின் இரவில் படிக்க ஆசை, படிக்க இடம்? பணம் படைத்தவன் பிள்ளைக்குக் கல்லூரி இருந்தது, பட்டறைக்காரனுக்குக் கதவைத் திறந்து வைத்த இடம் அந்தப் பெரிய நகரத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த ஏக்கம் அவர் நெஞ்சில் ஐம்பதாண்டு தங்கியிருந்தது.

கம்பளித் துணியைக் கத்தரிக்கும் பொறி செய்து விற்றார், மளிகைக் கடை வைத்தார், 1821-ல் வஜ்ஜிர ஆலையை வாங்கினார். கணக்குப்பிள்ளை இல்லை, விற்பனையாள் இல்லை. விடியுமுன் கொப்பரைக்கு அவரே தீ மூட்டுவார், நண்பகலில் வண்டி ஓட்டிச் சென்று சரக்கு விற்பார், இரவில் கணக்கு எழுதுவார். ஐரோப்பியச் சரக்கு ஆண்ட சந்தையில் அமெரிக்க வஜ்ஜிரம் ஏறி அமர்ந்தது. ஆலைக் கழிவால் பக்கத்துக் குளம் நாறிப் போனதும் உண்மை. வள்ளல் என்று வாழ்த்துப் பா பாடுவோர் அதை விட்டுவிடுவர், நாம் விடுவதற்கில்லை.

1830-ல் பால்டிமோர் நகரில் சிறிய நீராவி எஞ்சின் ஒன்றை ஓட்டிக் காட்டினார். கொதிகலனில் குழாய்களாக வைத்தது துப்பாக்கிக் குழல்களை! குதிரையோடு பந்தயம் நடந்தது, எஞ்சின் முந்தியது, நடுவழியில் வார் நழுவியது, குதிரை வென்றது என்றொரு கதை வழங்குகிறது. பந்தயம் எப்படியோ, அந்த இரயில் கம்பெனி குதிரையை விட்டு நீராவிக்கு மாறியது. பால்டிமோரில் தாம் வாங்கிய நிலத்தின் விலை ஏறவேண்டும் என்ற கணக்கும் அந்த எஞ்சினில் சேர்ந்தே ஓடியது.

பணம் சேர்ந்ததும் பழைய ஏக்கம் விழித்தது. 1859-ல் நியூயார்க்கில் கூப்பர் யூனியன் திறக்கப்பட்டது. உழைப்பாளிக்கு இரவு வகுப்பு, காசில்லாமல். பெண்களுக்கும் இடம். எந்த மதம், எந்த நிறம் என்று வாயிலில் நின்று விசாரிப்பார் இல்லை. அடிமைகளை ஏலம் போட்டு விற்ற நாட்டில், அந்த விற்பனை ஒழியுமுன்னரே எழுந்த நிலையம் இது என்பதை எண்ணிப் பாருங்கள்! மின்தூக்கி புழக்கத்துக்கு வராத நாளிலேயே, அது வந்தே தீரும் என்று கட்டடத்தில் வட்டக் கூண்டுக்கு இடம் விட்டுக் கட்டினார். அடித்தளத்துப் பெரிய மண்டபத்தில்தான் 1860-ல் லிங்கன் பேசினார். அந்தப் பேச்சு அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

இனி 1876-க்கு வருவோம்.

உள்நாட்டுப் போரின்போது தங்கம் போதவில்லை. 1862-ல் அரசு, தங்கப் பின்பலமில்லாத நோட்டுகளை அச்சிட்டது. பின்புறம் பச்சை நிறம், எனவே கிரீன்பேக். போர் முடிந்ததும், நோட்டைக் குறை, தங்கத்துக்குத் திரும்பு என்றனர் வங்கியாளர். 1873-ல் வாணிபம் சரிந்தது, ஆலைகள் மூடின. அந்த நிலையிலும், 1879 சனவரி முதல் நோட்டுக்குத் தங்கம் தரப்படும் என்று 1875-ல் சட்டம் செய்தனர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உழவன் நிலைமை? பணம் தாராளமாகப் புழங்கிய நாளில், நூறு மூட்டைக் கோதுமையின் விலைக்குச் சமமான கடன் வாங்கினான் என்று கொள்வோம். பணம் அருகியது, கோதுமை விலை விழுந்தது, கடன் எண் மட்டும் அப்படியே நின்றது. இப்போது நூற்றைம்பது மூட்டை விற்றால்தான் கடன் தீரும். அந்த ஐம்பது மூட்டை யார் களஞ்சியத்துக்குப் போயிற்று? கடன் கொடுத்தவன் களஞ்சியத்துக்கு! வழிப்பறி என்றால் காவலர் வருவர். இதற்கோ சட்டமே காவல்.

இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் கிரீன்பேக் கட்சி எழுந்தது. 1876 மே திங்களில் இண்டியானாபோலிஸ் நகரில் கூடி, கூப்பரை வேட்பாளர் ஆக்கியது. அவர் தயங்கித்தான் ஏற்றார். ஏற்றபின், பணத்தை வெளியிடும் அதிகாரம் மக்கள் அரசுக்கே உரியது, வங்கிகளுக்கு அல்ல என்பதை விளக்கும் வெளியீடுகளைத் தம் செலவிலேயே அச்சிட்டு வழங்கினார்.

இரும்பாலை முதலாளிக்கும் பணப்புழக்கம் வேண்டியதுதானே, அதில் என்ன தியாகம் என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. பதில் அவர் வீட்டிலேயே இருந்தது. மருமகப்பிள்ளை ஆபிராம் ஹெவிட்டும் அதே இரும்பாலையின் பங்காளி, அதே வீட்டில் குடியிருந்தவர். அவர் தங்கத்தின் பக்கம் நின்றார். அதுமட்டுமா? மாமனாரை எதிர்த்து நின்ற சாமுவேல் டில்டனுடைய சனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரே அவர்தான்! ஒரே ஆலை, ஒரே கூரை, எதிரெதிர் முகாம். இலாபம் மட்டுமே ஆளைச் செலுத்துமானால் இருவரும் ஒரே முகாமில் அல்லவா இருந்திருக்கவேண்டும்?

முடிவு வந்தது. கூப்பருக்கு எண்பதாயிரத்துச் சொச்சம் வாக்குகள். நூற்றுக்கு ஒன்று. மருமகனுடைய வேட்பாளர் நாடெங்கும் அதிக வாக்குப் பெற்றும், தகராறுக்குப் பின் 185-க்கு 184 என்ற தேர்வாளர் கணக்கில் ஹேஸ் என்பவரிடம் தோற்றார். தோல்வி இருவருக்கும்தான், ஆனால் வேறு வேறு தோல்வி. டில்டன் இழந்தது பதவி. கூப்பரிடம் இழக்கப் பதவி ஏது? ஈராண்டு கழித்து, 1878-ல் நடந்த காங்கிரஸ் தேர்தலில், அவர் தூக்கிப் பிடித்த கொடியின்கீழ் நின்றவர்கள் பத்து இலட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்றனர். பத்துக்கு மேற்பட்டோர் காங்கிரசுக்குள் நுழைந்தனர்.

சட்டம் மட்டும் நிற்கவில்லை. குறித்தபடி 1879-ல் தங்கம் வந்தது. ஆனால் 1933-ல் உள்நாட்டில் நோட்டுக்குத் தங்கம் தருவதை அமெரிக்கா நிறுத்தியது. 1971-ல் வெளிநாட்டு அரசுகளுக்குத் தருவதையும் நிறுத்தியது. இன்று நம் பையில் கிடக்கும் நோட்டுக்குப் பின்னாலும் தங்கம் இல்லை, அரசின் சொல்தான் இருக்கிறது. அளவு மீறி அச்சிட்டால் என்ன ஆகும் என்பதை 1923-ல் செர்மனி கண்டது. ஆகவே அந்தக் கொள்கை முழுவதும் பழுதற்றது என்று நாம் வாதாடவில்லை.

கூப்பர் 1883 ஏப்ரல் 4-ல் மறைந்தார். அவர் நிலையத்தின் கதை அத்துடன் முடியவில்லை. நூறாண்டுக்கு மேல் கட்டணமின்றி நடந்த இடம், பற்றாக்குறை என்று காரணம் காட்டி, 2014-ல் சேர்ந்த மாணவரிடம் கட்டணம் கேட்டது. இலவசம் என்றாலே முகம் சுளிப்போர் அங்கும் இருக்கத்தானே செய்வர்! அறிவிப்பு வெளியான 2013-லேயே மாணவர்கள் தலைவரின் அலுவலகத்துக்குள் புகுந்து அமர்ந்தனர். இரண்டு திங்களுக்கு மேல் அசையவில்லை. வழக்கும் தொடுக்கப்பட்டது. 2018-ல், பத்தாண்டுக்குள் கட்டணத்தை முற்றும் நீக்குவதற்கான திட்டத்தை நிர்வாகக் குழு ஏற்றது.