ஓட்டுச் சீட்டை மீட்டுத் தந்த தொண்டமான்



போன மாசம் எங்க வகுப்பில் லீடர் தேர்தல் நடந்தது. தறி வேலைக்கு வந்த ஒடிசா குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி எங்க கூடப் படிக்கிறாள். வெளியூர்ப் புள்ளைக்கு எதுக்கு ஓட்டு என்று சில பேர் பேசினார்கள். டீச்சர் அவளுக்கும் சீட்டு கொடுத்துவிட்டார். ஆனால் அப்போது நான் ஒண்ணும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்க வீதியில் ஒரு பாட்டி இருக்காங்க. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயசில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவங்க. இந்த ஓட்டு விஷயத்தைச் சொன்னதும், சௌமியமூர்த்தி தொண்டமானைப் பற்றிப் படிக்கச் சொன்னாங்க. படித்ததை இங்கே எழுதுகிறேன்.

தொண்டமான் 1913-ல் சிவகங்கைச் சீமையில் பிறந்தார். அவருடைய அப்பா கருப்பையா ஏழையாக இலங்கைக்குப் போய், உழைத்து, வேவண்டன் என்ற தேயிலைத் தோட்டத்துக்கே சொந்தக்காரர் ஆனவர். தொண்டமான் 1924-ல் அங்கே போனார். முதலாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தும், கொழுந்து பறிக்கிறவர்கள் பக்கம் நின்றார். 1939-ல் தொடங்கிய இலங்கை இந்தியர் காங்கிரஸில் சேர்ந்து, பிறகு அதன் தலைவரும் ஆனார்.

1947 தேர்தலில் அந்தக் கட்சி 7 இடங்களில் ஜெயித்தது. நுவரெலியாவில் ஜெயித்தவர் தொண்டமான். 1948 பிப்ரவரி 4-ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்ட அதே வருஷம் குடியுரிமைச் சட்டமும் வந்தது. சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1949-ல் ஓட்டும் போச்சு. சுதந்திரம் கிடைத்த நாட்டில் சிறுபான்மையினரை இப்படி ஒதுக்கியது இலங்கையில் மட்டும் இல்லை. 1972-ல் ஆப்பிரிக்காவின் உகாண்டாவிலும் ஆசியர்களை வெளியேற்றினார்கள்.

1952-ல் தொண்டமான் தலைமையில் கொழும்பில் சுமார் 140 நாள் சத்தியாகிரகம் நடந்தது. பலன் கிடைக்கவில்லை. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, சாமான் பிரிக்கிற மாதிரி மனுஷங்களைப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட ஜனங்களை யாரும் கேட்கவில்லை. தொண்டமான் இதை எதிர்த்தார். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். பாட்டி குடும்பமும் முதலில் கோத்தகிரியில்தான் இருந்ததாம்.

தொண்டமான் சோர்ந்து போகவில்லை. ஓட்டு இல்லாவிட்டாலும் தொழிலாளர்களிடம் சங்கம் இருந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸை அவர் பலமாக வளர்த்தார். 1977-ல் மறுபடி தேர்தலில் ஜெயித்தார். முப்பது வருஷம் ஆச்சு பாருங்க! 1978-ல் அமைச்சரானார். அரசாங்கத்தில் சேர்ந்ததற்காகச் சிலர் அவரைக் குறை சொன்னார்கள். தனி நாடு கேட்ட தமிழர்களோடும் அவர் போகவில்லை. மலையகம் நாட்டின் நடுவில் இருக்கிறது, சேர்ந்து வாழ்ந்துதான் உரிமை வாங்க வேண்டும் என்று நினைத்தார்.

1984-ல் வேலைநிறுத்தம் செய்து, தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வாங்கினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 1986 தைப் பொங்கல் அன்று, குடியுரிமை கேட்டுத் தொழிலாளர்கள் காலையில் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனை தொடங்கினார்கள். சண்டை இல்லை, கல்வீச்சு இல்லை. 1986, 1988 சட்டங்களால் நிறையப் பேர் குடிமக்கள் ஆனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு 2003-ல் சட்டம் வந்தது. அதைப் பார்க்கத் தொண்டமான் இல்லை. 1999 அக்டோபர் 30-ல் அமைச்சராக இருக்கும்போதே காலமானார். ஒப்பந்தம் போட்ட அதே தேதி!

ஓட்டை எடுக்க ஒரு சட்டம் போதும். திரும்ப வாங்க நாற்பது வருஷம் ஆகிறது. இதைப் படித்த பிறகு, அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது தப்பு என்று தெரிந்தது. அடுத்த தடவை லீடருக்கு நிற்கச் சொல்லி அந்தப் பொண்ணிடம் கேட்டிருக்கிறேன். அவளுக்குப் போடுவதும் போடாததும் உங்க இஷ்டமுங்க. ஆனா சீட்டு எல்லார் கையிலும் இருக்கோணும்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி