துறந்த பதவி, திரும்பி வந்த பணி

சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880-இல் பிறந்தவர் ராமலிங்க ரெட்டி. கேம்பிரிட்ஜில் பயின்று, பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் கல்விப்பணி ஆற்றினார். 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தோன்றியபோது முதல் துணைவேந்தர் பொறுப்பு அவரை நாடி வந்தது.

நான்கே ஆண்டுகளில் சோதனையும் வந்தது. 1930-இல் விடுதலைப் போராட்டத்தை ஆங்கில அரசு அடக்குமுறையால் ஒடுக்கியது. ஒருபுறம் தாம் வளர்த்த கல்விக்கூடம், மறுபுறம் மனச்சான்று. அவ்வடக்குமுறையைக் கண்டித்து ரெட்டி பதவி விலகினார்.

1931-இல் அவ்விடத்தில் அமர்ந்தவர், இளமையில் திருப்பதியில் பள்ளிக் கல்வி பயின்ற டாக்டர் ராதாகிருஷ்ணன். 1936-இல் அவர் ஆக்ஸ்போர்டு பேராசிரியரானார். அதே பொறுப்பு மீண்டும் ரெட்டியை அழைத்தது. ஒருமுறை துறந்த பணியை அவர் மறுக்கவில்லை. 1949 வரை ஆற்றினார்.

ஏற்கும்போதும் துறக்கும்போதும் மனச்சான்றைத் துணைகொள்வோருக்குப் பதவி விலங்காவதில்லை.