ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த அறிஞர்

மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் பாளைய நகரில், 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், பீமராவ் அம்பேத்கர் தோன்றினார். தந்தை இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணிபுரிந்தவர், கல்வியின்பால் பெருவிருப்புடையவர். ஆயினும், அவர்கள் பிறந்த மகர் குலம் தீண்டத்தகாததெனக் கருதப்பட்டது. பள்ளியில் பீமராவ் பிற மாணவரோடு கலந்து அமர இயலாது. தாம் கொண்டுசெல்லும் கோணியை ஒரு மூலையில் விரித்து அமர்தல் வேண்டும். நீர்வேட்கை எழுந்தால், ஏவலாள் வந்து குழாயைத் திறந்துவிடும்வரை காத்திருத்தல் வேண்டும். அவன் வராத நாளில் தண்ணீரும் இல்லை.

1901-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அயலூரில் பணியாற்றிய தந்தையைக் காண, பீமராவ் தம் தமையன் முதலிய சிறுவரோடு சதாராவிலிருந்து புறப்பட்டார். மசூர் நிலையத்தில் இறங்கிய அவர்களை அழைத்துச் செல்ல ஒருவரும் வந்திலர். எழுதிய கடிதம் தந்தைக்குக் கிட்டவில்லை. குலம் இன்னதென்று அறிந்ததும் வண்டிக்காரர் அனைவரும் மறுத்தனர். இறுதியில் ஒருவன், இரட்டிப்புக் கூலி தந்தால், சிறுவர்களே வண்டியை ஓட்டவும் தான் உடன் நடந்துவரவும் இசைந்தான். கையில் பணம் இருந்தது, கட்டுச்சோறு இருந்தது, குடிநீர் மட்டும் இல்லை. வழியில் கேட்ட இடத்தும் கிடைக்காமையால், உண்ணாமலே அன்றிரவைக் கழித்தனர். வறுமையால் வரும் தாழ்வு வேறு; இத்தாழ்வு வேறு. பிற்காலத்தில் அவர் கற்ற கல்வியெல்லாம் பெரிதும் இவ்வேற்றுமையைச் சுற்றியே அமைந்தது.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவியால், 1913-ஆம் ஆண்டு அவர் நியூயார்க்கு நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1916-ஆம் ஆண்டு மே மாதம், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வரங்கில், சாதியின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. குருதி வேறுபாடே சாதிக்கு மூலம் என்றோர் கருத்தை அவர் ஏற்றிலர். குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமண வழக்கமே சாதியின் உயிர்நிலை என்றார். ஒரு குழு தன் கதவை அடைத்துக்கொண்டால், கணவனை இழந்தவளும் மனைவியை இழந்தவனும் அக்குழுவில் ஆண் பெண் எண்ணிக்கைச் சமனைக் குலைப்பர். அதனைத் தடுக்கவே உடன்கட்டையும், கைம்மையும், குழந்தை மணமும் புகுந்தன என்று காட்டினார். பெண்ணின் துயரும் சாதியும் ஒரே வேரில் கிளைத்தவை என்னும் இக்கருத்து அந்நாளில் புதுமையானது. இன்றும் முழுதும் உணரப்பட்டதன்று.

பின்னர் இலண்டனில் பொருளியலும் சட்டமும் பயின்றார். உழவரின் வறுமைக்கு நிலம் சிறுசிறு துண்டாயிருத்தலே காரணம் எனப் பலர் கருதிய காலத்தில், 1918-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் வேறு காரணம் கண்டார். நிலத்தை நம்பி வேலையின்றி இருப்போர் மிகுதியே நோய்; தொழில் வளர்ச்சியே மருந்து என்றார். 1936-இல் அச்சிட்ட நூலில் சாதியையும் இந்நோக்கில் ஆராய்ந்தார். திறனும் விருப்பமும் நோக்காது பிறப்பால் தொழில் விதிப்பின், ஒரு தொழில் நலிந்தபோது மற்றொன்றுக்கு மாற இயலாமல் மக்கள் வேலையற்றிருப்பர் என்பது அவர் வாதம். இத்தகைய பேரறிஞர் பம்பாயில் பொருளியல் பேராசிரியராய் அமர்ந்தபோதும், ஆசிரியர்க்குரிய குடத்தில் நீர் அருந்துவதை உடன்பணியாற்றிய சிலர் எதிர்த்தனர்!

பொது நீர்நிலைகள் அனைவர்க்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923-ஆம் ஆண்டிலேயே தீர்மானித்திருந்தது. மகாத் நகராட்சியும் அதனை ஏற்றது. எனினும், அந்நகரின் சவுதார் குளத்தில் இறங்க ஒடுக்கப்பட்டோர் துணிந்திலர். ஆடுமாடுகள் நீர் அருந்தலாம், அவர்கள் அருந்தலாகாது. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், மக்கள் பின்தொடர, அம்பேத்கர் குளத்தில் இறங்கி நீரைக் கையால் அள்ளிப் பருகினார். ஊரார் சிலர் திரண்டு தாக்கினர். குளத்திற்குத் தூய்மைச் சடங்கும் செய்தனர். வழக்கு நீண்டது. 1937-ஆம் ஆண்டில்தான் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

விடுதலைக்குப்பின் சட்ட அமைச்சரான அவர், அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகவும் விளங்கினார். அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பொதுக் கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் வேற்றுமை காட்டலாகாதென 15-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் அவர் மனநிறைவு கொண்டாரல்லர். அரசியலில் ஒருவர்க்கு ஒரு வாக்கு. சமுதாயத்திலும் பொருளாதாரத்திலும் பழைய ஏற்றத்தாழ்வு. இம்முரண்பாட்டை விரைந்து நீக்காவிடில் குடியரசே நிலைகுலையும் என்று, 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார்.

மகளிர்க்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வழங்கும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்ற அவர் பெரிதும் முயன்றார். 1916-இல் மாணவராய் ஆராய்ந்ததையே இப்போது அமைச்சராய்ச் சட்டமாக்க விழைந்தார் எனலாம். எதிர்ப்பு மிகுந்து மசோதா தடைப்பட்டதால், 1951 செப்டம்பரில் பதவி துறந்தார். அதன் பகுதிகள் 1955, 1956-ஆம் ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்களாயின. 1956 டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் அவர் இயற்கை எய்தினார்.